மாதிரி கட்டப் பொருள் தேடுவது எப்படி? மலையகத்து வெட்டுத்துண்டுகளை வைத்தே லயமும் பாலமும் கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), பாலம் போன்றவற்றைச் சிறிதாக்கி மாதிரி கட்டப் பழகும் பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் வாரத்திலேயே தடுக்கி விழுகிறார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவார்கள். அட்டைப்பெட்டி, போத்தல் மூடி, உடைந்த ரேடியோ, பலகைத் துண்டு என்று ஒரு மாதத்தில் காம்பராவில் கால் வைக்க இடமிருக்காது. கட்டத் தொடங்கிய லயத்துக்கு மட்டும் சரியான தடிப்பில் ஒரு துண்டும் அகப்படாது. என்னிடம் பழக வந்த ஒரு தம்பி மூன்று உரப்பை நிறையச் சாமான் சேர்த்தான். அதில் அவன் லயத்துக்கு உதவியது ஒரு கைப்பிடி.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்த டவுனிலும் ஓசிப் பொருள் தாராளமாகக் கிடைக்கிறது. எந்த வரிசையில் தேடுவது என்று தெரிந்தால் போதும். கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

1. அளவுத்திட்டத்தை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை இது. அளவு தெரியாமல் எடுத்த பொருள் எல்லாமே குப்பைதான்.

தனி லயம், கோயில், சின்னக் கடைத்தெரு கட்டுவதானால் 1:50 எடுங்கள். உண்மையில் 1 மீட்டர் உள்ளது மாதிரியில் 2 சென்டிமீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி பழைய லயக் காம்பரா ஒன்று ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்கு 7.3 சென்டிமீட்டர் வரும். ஆறு காம்பரா வரிசை 37 சென்டிமீட்டருக்குள் அடங்கும். மேசையில் வைத்துச் சுகமாக வேலை செய்யலாம்.

ரயில்பாதை, பாலம், மலைச்சரிவு என்று பெரிதாக நினைத்தால் 1:100 நல்லது. மீட்டர் அப்படியே சென்டிமீட்டராகிவிடும், கணக்கில் பிழை வராது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் ஏறத்தாழ 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். மாதிரியில் 91 சென்டிமீட்டர், 24 சென்டிமீட்டர். நம் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். 1:100 இல் அது 16.8 மில்லிமீட்டர். விளையாட்டு ரயில்களில் பரவலாக உள்ள 16.5 மில்லிமீட்டர் பாதையோடு இது கிட்டத்தட்டப் பொருந்தும். யாராவது பழைய ரயில் செட் கொடுத்தால் அதன் பாதையை அப்படியே வைக்கலாம்.

ஒரே காட்சியில் இரண்டு அளவைக் கலக்காதீர்கள். கதவு ஒரு அளவிலும் கூரை வேறு அளவிலும் இருந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு உறுத்தும்.

2. தேவையை மில்லிமீட்டரில் எழுதுங்கள்

"பலகை வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "2 மில்லிமீட்டர் சதுரக் குச்சி, 30" என்று எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகுதான் வீட்டில் கிடக்கும் சாமான்கள் பெயர் சொல்லி அழைப்பது போலக் கண்ணில் படும்.

1:50 லயத்துக்கு ஒரு மாதிரிப் பட்டியல்: ஒன்றரை அடித் தடிப்புள்ள கருங்கல் சுவர் 9 மில்லிமீட்டர். இஸ்தோப்பின் (முன் தாழ்வாரத்தின்) நாலு அங்குலத் தூண் 2 மில்லிமீட்டர், அதாவது ஒரு தீக்குச்சி. ஓர் அங்குலக் கதவுப் பலகை அரை மில்லிமீட்டர், அதாவது பிஸ்கட் பெட்டி அட்டை. இரண்டு அங்குலத் தண்ணீர்க் குழாய் 1 மில்லிமீட்டர், விளக்குமாற்று ஈர்க்கின் நுனிப்பக்கம்.

லயத்தை நேரில் அளந்து எழுதுங்கள். படத்தைப் பார்த்து எழுதினால் தூண்கள் எப்போதும் பருமனாகவே வரும்.

3. கையில் இருக்க வேண்டியவை

மில்லிமீட்டர் கோடுள்ள இரும்பு அடிமட்டம், பட்டியல், மடித்து வைத்த இரண்டு உரப்பை, ஒரு தடித்த கையுறை. இவற்றோடு தேவையான தடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை நூலில் கோர்த்து எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரருக்கு மில்லிமீட்டர் சொல்லிப் புரிய வைப்பதைவிட, "இந்தத் தடிப்பில் இருக்கிறதா?" என்று துண்டைக் கையில் கொடுப்பது சுலபம்.

4. மாதமும் நாளும் பார்த்துக் கிளம்புங்கள்

மற்ற ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் இங்கே பாதி வெற்றி இதில்தான். நனைந்த அட்டை காய்ந்தாலும் நெளிந்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை சேர்க்க நல்ல காலம். மே மாதத்துக்குப் பின் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் அட்டையைத் தொடவே வேண்டாம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் நேர்மாறு. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெயில், வருடக் கடைசியில் மழை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக், வயர், தகரம் தேடலாம். அவற்றுக்கு ஈரம் பொருட்டல்ல.

சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைத்தெருவில் நெரிசல். அந்த நேரத்தில் வெட்டுத்துண்டு கேட்டுப் போய் நின்றால் முதலாளிக்கு எரிச்சல்தான் வரும். தச்சுப் பட்டறைக்குச் சனிக்கிழமை பின்னேரம் போங்கள், வாரக் குப்பையைக் கூட்டும் நேரம் அது. புடவைக் கடைக்குத் தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் நல்லது. சட்டைப் பெட்டிகளும் அவற்றின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்களும் மலை மலையாகக் குவியும். அந்தத் தாள்தான் உங்கள் ஜன்னல் கண்ணாடி.

5. எந்த இடத்தில் எதைக் கேட்பது

*படத்துக்குச் சட்டம் போடும் கடை.* எனக்கு ஒரே ஒரு கடைக்குத்தான் போகலாம் என்றால் இங்கேதான் போவேன். சாமிப் படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டையின் நடுவில் ஒரு சதுரத்தை வெட்டி எடுப்பார்கள். அந்தச் சதுரம் அவர்களுக்கு வேண்டாதது. தட்டையான, சீரான, கத்தி வைத்தால் பிசிறில்லாமல் வெட்டுப்படும் அட்டை. உட்சுவருக்கும் தரைக்கும் இதைவிட நல்லது காசு கொடுத்தாலும் கிடைப்பது அரிது.

*விளம்பரப் பலகை செய்யும் கடை.* வெள்ளை நிற பிவிசி ஃபோம் தகடு 3, 5, 10 மில்லிமீட்டரில் ஓரத்துண்டுகளாகக் கிடக்கும். ஈரம் ஏறாது, நெளியாது. நம் காலநிலையில் வெளிச்சுவருக்கு முதல் தேர்வு. காய்ந்த பேனை நுனியால் அழுத்திக் கீறினால் கருங்கல் இடுக்குகள் அப்படியே விழும்.

*தச்சுப் பட்டறை.* ரீப்பை (கூரைக்கு அடிக்கும் மெல்லிய சட்டம்) கிழிக்கும்போது ஓரத்தில் விழும் மெல்லிய நீளக் கீற்றுகளைக் கேளுங்கள். சவுக்கு, மஹோகனி, தேக்கு எதுவானாலும் சரி, நார் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். நார் குறுக்கே ஓடினால் மெல்லியதாகச் சீவும்போது முறியும். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அந்தத் துண்டை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். உள்ளே மரவண்டு இருக்கிறது, மற்ற மரத்துக்கும் பரவும்.

*பழக்கடை.* இறக்குமதி அப்பிள் பெட்டியின் அட்டை இரட்டைத் தடிப்பு, அடிப்பலகைக்கு நல்லது. உள்ளே இருக்கும் குழிக்குழியான கூழ்த் தட்டுகளையும் விடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து பைண்டர் கம் (வெள்ளைப் பசை) கலந்தால் மலைச்சரிவு பூச அருமையான களி.

*மின்சாதனக் கடை, மீன் கடை.* இரண்டிலும் ரெஜிஃபோம், அதாவது தெர்மோகோல். ஃப்ரிட்ஜ், டிவி சுற்றி வருவது சுத்தமானது. மீன் பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நாலைந்து நாள் வெயிலில் வைத்தாலும் வாடை முழுதாகப் போகாது. மலையின் உள்நிரப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

*குஷன் கடை.* முச்சக்கரவண்டி இருக்கை தைப்பவரிடம் ஸ்பொஞ்ச் துண்டுகள் எப்போதும் உண்டு. தேயிலைச் செடிக்கு இதுதான் மூலப்பொருள். 10ஆம் பகுதியில் சொல்கிறேன்.

*வயரிங் வேலை நடக்கும் வீடு.* 7/0.67 வயரின் அரை அடித் துண்டுகளைக் கேளுங்கள். உள்ளே ஏழு செம்புக் கம்பி, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீட்டர். அடியில் முறுக்கி மேலே விரித்துவிட்டால் ஒரு நிழல் மரம். 1/1.13 ஒற்றைக் கம்பி கைப்பிடிக்கும் குழாய்க்கும் ஆகும். தோலைக் கத்தியால் உரியுங்கள். நெருப்பில் போட்டு உரித்தால் நச்சுப்புகை.

*கோயில்.* எரிந்து முடிந்த ஊதுபத்திகளின் அடிக்குச்சி நேரான, காய்ந்த மூங்கில். பூசாரி ஐயாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாமல் சாமி முன்னால் இருந்து எடுக்கக் கூடாது.

*பழைய இரும்புக் கடை.* இங்கே காசு கொடுக்க வேண்டும், எடைக் கணக்கில். அச்சகங்கள் கழித்த மெல்லிய அலுமினியத் தகடு, போல்ட், சின்ன மோட்டார் ஆகியவற்றுக்காக மட்டும் போங்கள். அவர் வாங்கிய விலைக்கு மேலே கொஞ்சம் வைத்துக் கேட்பது நியாயம். பேரம் பேசிக் கசக்காதீர்கள், அடுத்த முறையும் போக வேண்டுமே.

6. கேட்கும் முறை

முதல் நாளே பையை நீட்ட வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும் மாதிரியின் ஒரு துண்டை, முடியாததாக இருந்தாலும் சரி, கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு தச்சு பாஸிடம் (தச்சரிடம்) நான் தீக்குச்சித் தூண் வைத்த இஸ்தோப்பைக் காட்டினேன். வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மூலைத் தூண் சாஞ்சிருக்கு தம்பி" என்றார். அதன்பிறகு அவர் பட்டறையில் மெல்லிய கீற்றுகள் எனக்கென்று ஒரு டின்னில் விழத் தொடங்கின.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள்: "பாஸ், இந்தத் தடிப்புல ஓரக் கீத்து விழுந்தா ஒதுக்கி வச்சிருங்க, சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிறேன்." சொன்ன நேரத்துக்குப் போயே ஆகவேண்டும். ஒதுக்கி வைத்ததை எடுக்க வராதவருக்கு இரண்டாம் தடவை யாரும் ஒதுக்க மாட்டார்கள். வேண்டாத துண்டையும் அங்கேயே கொட்டாமல் சேர்த்து எடுத்து, கூட்டிவிட்டு வாருங்கள். போகும்போது ஒரு தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தால் ஓசி என்ற கூச்சமும் இருக்காது.

7. தொடக்கூடாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டு எங்கும் கிடக்கும். வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்து நோயாக வரும். தோட்டத்தில் புல் மருந்து, பூச்சி மருந்து வந்த கான்களையும் போத்தல்களையும் கழுவினாலும் பயன்படுத்த வேண்டாம். ஊதிப்போன ஃபோன் பட்டரி தீப்பிடிக்கும். ரயில் பாதை ஓரத்தில் கிடக்கும் ஆணியும் கல்லும் அரசாங்கச் சொத்து. பாதைக்குக் கல் வேண்டுமானால் கல் உடைக்கும் இடத்துத் தூளைக் கேட்டு வாங்கி, தேத்தண்ணி வடியில் சலித்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதும் ஏற்றிச் செல்வதும் நம் நாட்டில் குற்றம். மாதிரிக்குத் தரையாகத் தூவத்தானே என்று பை நிறைய வாங்கி வந்து சிக்கலில் மாட்டாதீர்கள். உங்கள் வீட்டுக் குசினியில் மிஞ்சும் சக்கையே போதும். தேயிலை வரும் கடதாசிச் சாக்கு கிழிந்ததைக் கேட்பதென்றால் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் நேரே அனுமதி கேளுங்கள். வேலை செய்கிறவரிடம் ஒளித்து வாங்கினால் அவர் வேலைக்கு ஆபத்து.

8. அன்றைக்கே பிரித்து, காய வைத்து, எறிய வேண்டியதை எறியுங்கள்

கொண்டுவந்த பையை மூலையில் வைத்தால் அது அங்கேயே ஆறு மாதம் இருக்கும். வந்த அன்றே பட்டியலை விரித்து, தடிப்பின்படி பிரியுங்கள். பொருளின்படி பிரிக்காதீர்கள். வேலை செய்யும்போது உங்களுக்குத் தோன்றுவது "மரம் எங்கே?" என்று அல்ல, "2 மில்லிமீட்டர் எங்கே?" என்றுதான். பட்டியலில் இல்லாததை அன்றே திருப்பிக் கொடுங்கள், அல்லது போத்தல் பேப்பர்காரருக்குப் போடுங்கள்.

அட்டையை நிமிர்த்தி வைத்தால் வளையும். தரையில் படாமல், இரண்டு பலகைக்கு நடுவே படுக்கையாக வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். மரக் கீற்றுகளை அடுப்படிப் பரணில் இரண்டு வாரம் வையுங்கள். பச்சை மரத்தில் கட்டினால் பிறகு சுருங்கி மூட்டு விலகும். ரெஜிஃபோம், ஸ்பொஞ்ச் இரண்டையும் அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

9. வெட்டுமுன் ஒட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு புதுப் பொருளிலும் கட்டைவிரல் அளவு துண்டை எடுத்து, பயன்படுத்தப்போகும் பசையும் பெயின்டும் பூசி ஒரு இரவு விடுங்கள். நான் இதைச் செய்யாமல் ரெஜிஃபோம் மலை ஒன்றின் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். கண் முன்னாலேயே மலை குழிந்து இறங்கியது. மூன்று வாரச் செதுக்கல். ஸ்ப்ரேயிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான் ரெஜிஃபோமைக் கரைத்துவிடும், சூப்பர் குளூவும் அரிக்கும். அதற்குப் பைண்டர் கம், தண்ணீரில் கலக்கும் பெயின்ட் இரண்டும்தான்.

யோகட் கப், சீடி உறை போன்றவற்றில் அடியில் முக்கோணத்துக்குள் எண் பாருங்கள். 6 என்றிருந்தால் தின்னரைத் தூரிகையில் தொட்டு வைத்தாலே இரண்டு துண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். 2, 5 என்றிருந்தால் வீட்டில் உள்ள எந்தப் பசையும் நிலைக்காது. அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

10. கூரைத் தகரமும் தேயிலைச் செடியும்

மலையகக் காட்சியில் கண் முதலில் போவது இந்த இரண்டுக்கும்தான். ஓசிப் பொருள் காட்டிக்கொடுப்பதும் இங்கேதான்.

கூரைக்கு எல்லோரும் செய்வது, பெட்டி அட்டையின் மேல்தாளை உரித்து உள்ளே இருக்கும் நெளிவை ஒட்டுவது. உண்மைத் தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததுக்கும் 3 அங்குலம், 76 மில்லிமீட்டர். 1:50 இல் அது ஒன்றரை மில்லிமீட்டர். சாதாரணப் பெட்டி அட்டையில் 6 முதல் 8 மில்லிமீட்டர். மாதிரியில் அது ஒரு அடி அகலமான நெளிவாகத் தெரியும். லயம் என்னதான் அழகாக இருந்தாலும் பொம்மையாகிவிடும்.

இதற்கு வேண்டியது ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட் அல்லது த்ரெட் பார் (நீளம் முழுதும் புரி உள்ள கம்பி). அதன் புரிகளுக்கு இடையே ஒன்றரை மில்லிமீட்டர், நமக்கு வேண்டிய அதே அளவு. சில மோட்டார் சைக்கிள் போல்ட்களில் புரி நெருக்கமாக இருக்கும். பத்துப் புரி சரியாக 15 மில்லிமீட்டர் வருகிறதா என்று அளந்து எடுங்கள். 1:100 கூரைக்கு 5 மில்லிமீட்டர் போல்ட், அதில் புரி இடைவெளி 0.8.

தகடுக்கு ஃப்ரைட் ரைஸ் கட்டித் தரும் அலுமினியப் பெட்டியின் தட்டையான அடிப்பாகம். மிருதுவானது, அழுத்தியபடி நிற்கும். பால்மா பக்கெட்டின் வெள்ளித்தாள் பளபளக்கும், ஆனால் பிளாஸ்டிக் கலந்திருப்பதால் அழுத்திய நெளிவு மெல்ல நிமிர்ந்துவிடும்.

பழைய சைக்கிள் டியூபை விரித்து அதன்மேல் தகட்டை வையுங்கள். போல்ட்டைக் குறுக்காக வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்தியபடி ஒரே திசையில் உருட்டுங்கள். இழுக்காதீர்கள், கிழியும். கோடுகள் நேராக விழும், ஆனால் தகட்டின் விளிம்புக்கு ஏறத்தாழ 3 பாகை சாய்ந்திருக்கும். புரி சுற்றி ஏறுவதால் அப்படித்தான் வரும். அதனால் முதலில் உருட்டிவிட்டு, பிறகு கோட்டை ஒட்டி வெட்டுங்கள். பலர் முதலில் அளந்து வெட்டி, பிறகு உருட்டி, எல்லாத் துண்டையும் வீணாக்குகிறார்கள்.

எட்டு அடிக்கு இரண்டரை அடித் தகரம் 49 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். தனித்தனித் தகரமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒரு நெளிவு ஏறும்படி கூரையின் கீழ்விளிம்பிலிருந்து ஒட்டிக்கொண்டு போங்கள். மழைநீர் வழிய வேண்டிய அதே ஒழுங்கு. துருவுக்குச் செங்கல் தூளை அரித்து, தண்ணீர் கலந்த பைண்டர் கம்மில் தொட்டு, ஆணி வரும் இடங்களில் இருந்து கீழ்நோக்கித் தடவுங்கள்.

தேயிலைக்கு வருவோம். சின்னச் சின்ன உருண்டைகளை அங்கங்கே ஒட்டினால் அது தேயிலை மலையாகாது. கொழுந்து பறித்துப் பறித்து மேல்பக்கம் மட்டமாக நிற்பதுதான் அதன் அடையாளம். வரிசைக்கு வரிசை 4 அடி, செடிக்குச் செடி 2 அடி என்று கணக்கு வையுங்கள். 1:50 இல் 24 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டரும். ஸ்பொஞ்சை 18 மில்லிமீட்டர் உயரக் கீற்றுகளாக வெட்டி, 12 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கத்தரிக்கோலால் பக்கவாட்டில் கொத்துங்கள். அடியைக் குறுக்கி, மேலைத் தட்டையாக விடுங்கள். கரும்பச்சையில் முக்கிப் பிழிந்து காயவைத்து, மேல்பரப்பில் மட்டும் இளம்பச்சையைத் தொட்டுவிட்டால் கொழுந்து வந்துவிடும். சரிவைச் சுற்றி வளைத்து ஒட்டுங்கள், மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் வேண்டாம்.

வரிசைகளின் நடுவே தூவத் தேயிலைச் சக்கை. வெயிலில் காயவைத்தால் மட்டும் நம் ஊர் ஈரத்துக்குப் போதாது. இரும்புச் சட்டியில் சிறு தீயில், விரலில் பொடியும் வரை வறுத்தெடுங்கள். வறுக்காமல் ஒட்டியது இரண்டு மாதத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்து நிற்கும்.

11. எவ்வளவு வைத்திருக்கலாம்

ஒரே ஒரு அப்பிள் பெட்டி. அது நிறைந்த பிறகு புதிதாக ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே போகவேண்டும். மூடியின் உட்பக்கத்தில் எந்தத் தடிப்பில் எத்தனை இருக்கிறது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். மிஞ்சியதைப் பக்கத்து லயத்தில் பழகத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது நூலில் கோர்த்த அந்தத் தடிப்புத் துண்டுகளில் ஒரு செட்டும் சேர்த்துக் கொடுங்கள்.